மிளகுக்குப் பார்த்த வைத்தியம்

சிங்கராயருக்கு மூச்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபது வயதிலிருந்து இழுப்போடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். பனி இறங்கும் மாதங்களில் ஏற்காட்டு மலையிலிருக்கும் நாகலூரே தும்மும், இருமும். சிங்கராயர் மட்டும் விசிலடிப்பார். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் ஷெட்டுக்கு அவர்தான் மேஸ்திரி. "மேஸ்திரி வர்றாரான்னு கண்ணுல பாக்க வேண்டாம், காதுல கேட்டாப் போதும்" என்று பழம் பறிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதிகம் சிரித்தால் இன்னும் இழுக்கும் என்பதால் அளவாகச் சிரிப்பார்.

அவருடைய மனைவி அற்புதத்துக்கு இந்த இழுப்பைத் தீர்க்கும் வைத்தியம் தெரியும். தெரியும் என்று அவள் நம்பினாள், ஊரும் நம்பியது. நீலகிரித் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, புருஷனின் நெஞ்சிலும் முதுகிலும் சூடு பறக்கத் தேய்ப்பாள். துணியைத் தோசைக்கல்லில் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து, இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் ஆவி பிடிக்க வைப்பாள். விடிந்ததும் சிங்கராயர் எழுந்து வேலைக்குப் போவார். இதைப் பார்த்துப் பார்த்து, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எந்தப் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் முதலில் அவள் கதவைத்தான் தட்டினார்கள். அற்புதக்கா கை பட்டால் நெஞ்சுச்சளி தானாக இறங்கும் என்பது அங்கே வழக்கான பேச்சு. பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறு பெரிதாக ஒன்றும் வாய்க்கவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, ஒரே மகன் ஜெப்சன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவன் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். அந்தக் கை மட்டும் அவளிடம் இருந்தது.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் சேலத்து டாக்டர் ஒருவர் சிங்கராயருக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதை ஊட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய அன்று அற்புதம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். தைலக் குப்பியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, "அப்ப இனிமே என்ற கை வேண்டாமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே சிங்கராயர் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. "எனக்கு அந்த வாசமே புடிக்கல புள்ள" என்று ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டார். இன்ஹேலர் பல்பர் ஷெட்டில் அவருடைய மரப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. காலையில் அங்கே இரண்டு இழுப்பு, சாயங்காலம் கிளம்பும்போது இரண்டு இழுப்பு. ராத்திரி ஊட்டில் தைலம். நெஞ்சு இளகிவிட்டது, தூக்கம் வந்தது. "பாத்தீங்களா, இந்த வருசம் எவ்ளோ தேவலை" என்று அற்புதம் பூரித்துப் போவாள். அவரும் ஆமாம் போட்டார். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார் மனுஷன்.

அவர்கள் வளர்த்த பூனைக்குப் பெயர் மிளகு. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தடியில், கண் திறந்தும் திறக்காமலும் கிடந்த கறுப்புக் குட்டியை அற்புதம்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். சோறு போட்டது அவள், அது ஒட்டிக்கொண்டதோ சிங்கராயரோடு. அவர் படுத்ததும் நெஞ்சின் மேல் ஏறி, அந்த விசில் சத்தத்தைக் காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போகும். "சோத்துக்கு நானு, தாலாட்டுக்கு அவரு" என்று அற்புதம் பொய்க்கோபத்தோடு சொல்லுவாள். எலிக்காகத்தான் பூனை என்று சிங்கராயர் ஊரில் சொல்லிக்கொள்வார். எலி பிடித்ததை யாரும் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டிய வாரம் அது. பனி பகலிலேயே காப்பிச் செடிகளுக்குள் இறங்கி நின்றது. படுக்கப் போன சிங்கராயரின் நெஞ்சில் மிளகு ஏறவில்லை. அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், முன்னங்கால்களை அகட்டி வைத்து, கழுத்தை நீட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. கண் சொருகியது, ஆனால் தலையைக் கீழே சாய்க்கவில்லை. பக்கவாட்டில் படுக்கப் பார்த்தது, உடனே எழுந்து பழையபடி உட்கார்ந்தது.

"பனி ஒத்துக்கல சாமிக்கு. சளி" என்றாள் அற்புதம்.

சிங்கராயர் விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பூனையின் விலா அசைவதைவிட வயிறு அதிகமாக அசைந்தது. உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து, துருத்தி மாதிரி ஓடியது. சும்மா உட்கார்ந்திருக்கிற பூனைக்கு எதற்கு இத்தனை வேகம்? சளி என்றால் மூக்கு ஒழுக வேண்டும், தும்மல் வர வேண்டும். ஒன்றும் இல்லை. அவருடைய இழுப்பில் உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் விசிலடிக்கும். இதில் விசிலே இல்லை. சத்தமில்லாமல், காற்றை உள்ளே வாங்குவதற்கே அது பாடுபட்டது. மூச்சுக்குத் திண்டாடுவது எப்படி இருக்கும் என்று உள்ளிருந்து தெரிந்த மனுஷன் அவர்.

"இது எனக்கு வர்ற மாதிரி இல்ல அற்புதம்" என்றார்.

"உங்களுக்கு மட்டும் ஆண்டவரு தனியா ஒரு நெஞ்சு செஞ்சு வெச்சாராக்கும்? எல்லா மூச்சும் ஒரே மூச்சுதானுங்க."

"காலைல ஏற்காட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாமா?"

"மாட்டாஸ்பத்திரிக்கா? பூனையத் தூக்கிட்டா? பஸ்ஸுல இருக்கறவங்க நம்பளப் பாத்துச் சிரிக்கறதுக்கா?" அவள் ஏற்கெனவே தைலக் குப்பியை எடுத்துவிட்டாள். "உங்களையே காப்பாத்திக் கொண்டாந்த கையிங்க இது. இதுக்குப் பண்ணமாட்டனா?"

அந்த இடத்தில் சிங்கராயர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என்னைக் காப்பாற்றியது உன் தைலம் இல்லை என்ற அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடம் சொல்லாததை ஒரு பூனைக்காகவா சொல்வது என்று அவர் தன்னையே சமாதானம் செய்துகொண்டார். பாவி மனுஷன், அப்படித்தான் நினைத்தார்.

அற்புதம் பூனையை மடியில் போட்டு, நெஞ்சுமயிரைப் பிரித்துத் தைலம் தேய்த்தாள். மிளகு முகத்தைத் திருப்பியது, பின்னங்காலால் உதைத்து இறங்கப் பார்த்தது. அவள் விடவில்லை. கம்பளியைச் சுற்றி அடுப்போரம் அணைத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது குறுகுறுவென்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தது.

"கேட்டீங்களா? கொறுகொறுங்கறான். சுகமா இருக்குது அவனுக்கு." அவள் கண் நிறைந்துவிட்டது. சிங்கராயருக்கும் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. நம்ப ஆசைப்பட்டதை அவர் நம்பினார்.

விடிந்ததும் மிளகு எச்சில் ஒழுக நின்றது. தைலம் பட்ட இடத்தையெல்லாம் ராத்திரி முழுக்க நக்கியிருந்தது. நெத்திலிக் கருவாட்டை மூக்குக்கு நேரே நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. சிங்கராயர் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அது விறகுக் கட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. அற்புதம் அதை வெளியே இழுத்து, மறுபடியும் தைலம் போட்டு, இந்தமுறை ஆவிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவரிடம் வேலை செய்த வைத்தியம் அல்லவா? அவருக்கும் ஒரே நாளிலா கேட்டது? பொறுக்க வேண்டும் என்றாள். விறகுப்புகையும் தைல நெடியும் சேர்ந்து அந்தச் சின்ன ஊட்டுக்குள் மனுஷனுக்கே மூச்சு முட்டியது. சிங்கராயர் ஜன்னலைத் திறந்தார். பனி வருகிறது என்று அவள் சாத்தினாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் மிளகு வாயைத் திறந்துவிட்டது. நாய் மாதிரி நாக்கு வெளியே தெரிய, வாயால் மூச்சு வாங்கியது. பூனை அப்படிச் செய்து அவர் பார்த்ததே இல்லை. ஈறு வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது.

"கெளம்பு" என்றார். அற்புதம் கட்டைப்பையை எடுத்தாள்.

பூனையைக் கம்பளியில் சுற்றிக் கட்டைப்பைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பைக்குள் கையை விட்டு, "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒருவர் எழுந்து அவளுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

மாட்டாஸ்பத்திரியில் அன்றைக்குச் சசிகலா என்ற டாக்டர் இருந்தாள். மாட்டுக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தவள் பையைத் திறந்து பார்த்ததும் அவரை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கம்பளியை முதலில் உருவி எறிந்தாள். "யாரும் இறுக்கிப் புடிக்காதீங்க. பயந்தாலே போயிரும்." மூக்கைச் சுளித்து, "என்ன வாசம் இது?" என்று கேட்டாள்.

"தைலமுங்க. நெஞ்சுல தேச்சனுங்க" என்றாள் அற்புதம், கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் பயமுமாக.

டாக்டர் ஒரு விநாடி அவளைப் பார்த்தாள். பிறகு, "அம்மா, நீங்க வெளிய ஒக்காருங்க. ஐயா மட்டும் இருக்கட்டும்" என்றாள். ஊசியைக் கண்டாலே மயங்குகிறவள் அற்புதம்; சொன்னதும் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் ஈரத்துணியால் தைலத்தைத் துடைத்தாள். ஊசி போட்டாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். விலாவுக்கு இடையில் இன்னொரு ஊசியை இறக்கித் தண்ணீர் எடுக்கத் தயாரானபோது, மிளகு கழுத்தை ஒருமுறை நீட்டியது. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. சிங்கராயரின் உள்ளங்கைக்குக் கீழே இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த அந்த வயிறு நின்றுபோனது.

அவர் கையை எடுக்கவில்லை. "இன்னொரு ஊசி போடுங்கம்மா" என்றார்.

"முடிஞ்சுருச்சுங்கய்யா."

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் பேசினாள். இருதயம் கெட்டு, நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருக்க வேண்டும் என்றாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். அவர் சொன்னார். "மொத நாளே கொண்டாந்திருந்தா நீர எடுத்து, மாத்திரை குடுத்து, இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். பூனை தூங்கறப்ப வயித்தப் பாத்து ஒரு நிமிசம் எண்ணிப் பாக்கோணும். முப்பதத் தாண்டிட்டே போனா வந்தரோணும். வயிறு ஓடினாலோ, கழுத்த நீட்டி ஒக்காந்தாலோ எண்ணவே வேண்டாம். வாயத் தொறந்துட்டா அப்புறம் நேரமே இல்லிங்கய்யா."

"தைலம்?" என்றார்.

"பூனைக்கு அது வெசம். நக்கினா ஒடம்புக்குள்ள போயிரும், நெடி மூச்சையும் கெடுக்கும். இருதயக் கோளாறு அதனால வந்ததில்ல. ஆனா கஷ்டத்த அதிகமாக்கிருச்சு."

"தேச்சப்ப கொறுகொறுன்னுச்சுங்களே."

"வலியிலயும் அப்படிச் சத்தம் போடுமுங்கய்யா."

சிங்கராயர் கம்பளியை எடுத்துப் பூனையின் மேல் போர்த்தினார். கதவுக்கு வெளியே அற்புதம் ஜெபமாலை உருட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டது. "அவகிட்ட நீங்க ஒன்னும் சொல்லாதீங்கம்மா. நான் சொல்லிக்கறேன்" என்றார். டாக்டர் தலையசைத்தாள்.

அவர் வெளியே வந்து சொன்னது வேறு. "இருதயக் கோளாறாம். எப்பக் கொண்டாந்திருந்தாலும் ஒன்னும் பண்ணியிருக்க முடியாதாம்."

அற்புதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "நம்பளால ஆனதப் பண்ணிட்டமுங்க, இல்லீங்களா? கடைசி வரைக்கும் என்ற மடியில கொறுகொறுன்னுட்டுதான் இருந்தான். இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா புள்ள" என்றார் சிங்கராயர். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் அவருக்கு ஒரு மலை ஏறி இறங்கினாற்போல மூச்சு வாங்கியது.

ஊட்டுக்குப் பின்னால், பழம் பறித்து முடித்த காப்பிச் செடிகளுக்கு நடுவே மிளகைப் புதைத்தார்கள். ஜெப்சன் வந்தான், கேக் வெட்டினார்கள், அவன் போனான். ராத்திரி நெஞ்சின் மேல் எடை இல்லாமல் சிங்கராயருக்குத் தூக்கம் வரவில்லை. அற்புதம் எப்போதும்போலத் தைலத்தோடு வந்து உட்காருவாள். அந்த வாசம் ஏறியதும் அவருக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்த முகம்தான் தெரியும். கண்ணோரம் தண்ணீர் வழியும். "எனக்கும் அவன் நெனப்புதானுங்க" என்று அவள் இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். அவளுடைய அன்பை அவர் முன்னெல்லாம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்.

சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது, செத்த பூனை எழுந்து வரவா போகிறது என்று விட்டார். அவள் நிம்மதியாக இருக்கிறாள். அந்த நிம்மதிக்கு நான் காவலிருந்துவிட்டுப் போகிறேன் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டார். நல்லதுக்குச் சொன்ன பொய் ஒரு நாள் வாசலில் வந்து நிற்கும் என்று அவர் கண்டாரா?

பொங்கல் கழிந்த ஒரு காலையில் லைன் வீட்டுக் கவிதா ஓடி வந்தாள். பழம் பறிக்கிற பெண், பல்பர் ஷெட்டில் சிங்கராயரை அதிகம் கேலி செய்கிறவளும் அவள்தான். அன்றைக்குக் கேலி ஒன்றும் இல்லை. கையில் துண்டில் சுற்றிய செம்பூனை ஒன்று.

"அற்புதக்கா, எந்திரிங்க. நேத்து ராத்திரியிலருந்து மூச்சு வாங்குதுங்க. சோறே திங்கல. உங்க கையால ஒருக்கா தேச்சு உடுங்க்கா."

அற்புதம் எழுந்தாள். மிளகு போன பிறகு அவள் அப்படி விசையாக எழுந்து சிங்கராயர் பார்க்கவில்லை. "கொண்டா சாமி. ஏன் நேத்தே வரல? அவனத்தான் காப்பாத்த முடியல, அவனுக்கு இருதயமே சரியில்ல. இதையாச்சும் காப்பாத்திப்புடலாம்" என்று பேசிக்கொண்டே குப்பியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினாள். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துச் சூடேற்றினாள்.

சிங்கராயர் துண்டை விலக்கிப் பார்த்தார். வயிறு ஓடியது. கழுத்து நீண்டிருந்தது. வாய் இன்னும் மூடித்தான் இருந்தது.

"வேண்டாம் அற்புதம்."

"தள்ளுங்க. நேரமாவுது."

அவர் பூனைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். "தைலம் பூனைக்கு வெசமாம். டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க."

அற்புதம் சிரிக்கப் பார்த்தாள். கவிதா இருக்கும்போது இது என்ன விளையாட்டு என்கிற சிரிப்பு. "நீங்கதான சொன்னீங்க, ஒன்னும் பண்ணியிருக்க முடியாதுன்னு."

"பொய்யி. மொத நாளே போயிருந்தா பொழச்சிருக்கும்."

தைலம் மின்னும் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அவள் நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியாததுபோல நின்றாள். "அதெப்படீங்க" என்றாள். "உங்களுக்குக் கேக்குதே? இத்தன வருசமா உங்களுக்குக் கேட்டுட்டுதான இருக்குது?"

இனி மறைக்க இடமில்லை. "எனக்கும் கேக்கல புள்ள. ஷெட்டுல இன்ஹேலர் வெச்சிருக்கறேன். அதுலதான் ஓடுது."

கவிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அற்புதம் புழக்கடைக்குப் போனாள். துணி துவைக்கிற சோப்பை எடுத்துக் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். சாம்பலை அள்ளித் தேய்த்தாள், முகர்ந்தாள், மறுபடியும் சோப்பு. கவிதா, "அக்கா, இது துடிக்குதுங்க்கா" என்று குரல் கொடுத்ததும் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"எனக்கு வாசம் போகல. நீயே தூக்கிக்க கண்ணு. துண்ட எடுத்துப் போடு, இறுக்கிப் புடிக்காத" என்று கவிதாவிடம் சொன்னாள். சிங்கராயரைப் பார்க்காமல், "எஸ்டேட் ஜீப்ப நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

ஜீப்பில் கவிதா மடியில் பூனையோடு உள்பக்கம் உட்கார்ந்தாள். அற்புதம் கடைசி ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டாள். நெடி பூனைக்குப் போய்விடக் கூடாதாம். குளிர்காற்று அடித்தது, விரல்கள் வெளுத்துப் போயின. "உள்ள எடு அற்புதம், வெறைச்சுப் போயிரும்" என்றார் சிங்கராயர். அவள் ஏற்காடு வரும் வரை கையை உள்ளே எடுக்கவில்லை.

டாக்டர் சசிகலா செம்பூனையை வெகுநேரம் பார்த்தாள். நுரையீரலில் நிமோனியா தொடங்கியிருக்கிறது என்று ஊசி போட்டாள், மருந்து கொடுத்தாள், சேலத்தில் ஒரு படம் எடுத்துவிடச் சொன்னாள். பிறகு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். அற்புதத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. போனமுறை அழுதுகொண்டு போனவளை இந்தமுறை சந்தோஷமாக அனுப்ப வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, அவளைப் பார்த்தே சொன்னாள்.

"நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்கம்மா. அதனால பொழச்சுக்கும்."

அற்புதம் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். மிளகைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கவிதா பதறிப்போனாள். "ஏனுங்க்கா, அதான் பொழச்சுக்கும்ங்கறாங்களே, எதுக்கு அழுவறீங்க?"

சிங்கராயர் குனிந்து மனைவியின் தோளைத் தொடப் போனார். அவள் விலகிக்கொண்டாள். அவர் கையை எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்றார்.